மணிக்கு ஒரு நாள்

லட்சுமியம்மாள் அமெரிக்கா போகக் கூடாது.

திங்கட்கிழமை காலை, வாய் நிறைய பற்பசை நுரையோடு வாஷ்பேசின் முன்னால் நின்றபடி திருமலைசாமி இந்த முடிவை எடுத்தார். எடுத்த முடிவைக் கண்ணாடியில் இருந்தவரிடமும் சொன்னார். அவரும் நுரையோடு தலையை ஆட்டினார். அந்த வீட்டில் திருமலைசாமியின் யோசனை ஒன்றுக்கு இரண்டு ஓட்டு விழுந்தது அதுதான் முதல் தடவை.

கோயமுத்தூரில், கணபதி பகுதியில், மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை அவருடையது. நாலு லேத்து, ஆறு ஆட்கள். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பட்டறையில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் பட்டறையிலிருந்து வீடு எட்டு நிமிஷ நடை. அந்த எட்டு நிமிஷத்தில் அவருடைய குரல் படிப்படியாக இறங்கி, வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது, "அம்மணி, ஒரு வாய் காப்பி கெடைக்குமா?" என்கிற அளவில் வந்து நின்றுவிடும்.

விஷயம் இதுதான். ஒரே மகள் பத்மஜா, கல்யாணமாகி சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். மாப்பிள்ளை சாய்சரணுக்குக் கம்ப்யூட்டர் வேலை. பத்மஜாவுக்கு இது தலைப்பிரசவம். பிப்ரவரி பன்னிரண்டு என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். முறைப்படி ஏழாம் மாதமே மகளை இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். அந்த ஊர் டாக்டரம்மா, இவ்வளவு தூரம் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மகள் வர முடியாவிட்டால் அம்மா போக வேண்டியதுதான். இதற்குக் குறுக்கே பேச யாருக்கும் வாய் கிடையாது. திருமலைசாமிக்கும் கிடையாது. வயிறு மட்டும் இருந்தது.

வயிறு மட்டும் என்று சொன்னால் அது பொய். சோறு எங்கேயும் கிடைக்கும். லட்சுமியம்மாள் இல்லாத வீடு அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவள் உடுமலைப்பேட்டையில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு ஒரு வாரம் என்று போனாள். இவர் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து, கதவைத் திறந்து, பழக்க தோஷத்தில், "லட்சுமி" என்று கூப்பிட்டார். ஒரு பதிலும் இல்லை. மூன்றாம் நாள் காலை முதல் பஸ் பிடித்து உடுமலைக்கே போய் நின்றுவிட்டார். நீ இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று சொல்ல வெட்கம். ஆம்பிள்ளை அல்லவா? ஆகவே ஒரு சட்டம் போட்டார்.

சட்டம் ரொம்பச் சுலபம். பயணம் எத்தனை மணி நேரமோ, தங்கல் அத்தனை நாள். மணிக்கு ஒரு நாள். உடுமலைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அதனால் இரண்டு நாள். திருப்பூருக்கு ஒன்றரை மணி நேரம், அதனால் ஒன்றரை நாள். மறுநாள் மத்தியானம் கை கழுவியதும் கிளம்பிவிட வேண்டும். ஆர்.எஸ்.புரத்தில் சித்தி வீட்டுக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம். கணக்குப்படி எட்டு மணி நேரம் தங்கலாம். இதெல்லாம் பட்டறைக்காரர் போட்ட சட்டம். மயிரிழை பிசகாது.

இருபத்தெட்டு வருஷமாக லட்சுமியம்மாள் இந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. சிரித்துக்கொண்டே கடைப்பிடித்தாள். அந்தச் சிரிப்பைத் திருமலைசாமி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மனிதர் இரும்பைப் படித்த அளவுக்கு மனைவியைப் படித்ததில்லை.

இப்போது அவளே அந்தச் சட்டத்தை எடுத்து நீட்டிவிட்டாள்.

"பத்மஜா போன் பண்ணுனாளுங்க. ஊடு போய்ச் சேர முப்பது மணி நேரம் ஆகுமாமுங்க. அப்ப முப்பது நாளுங்க. ஜனவரி இருபத்திரண்டு போனா பிப்ரவரி கடைசியில வந்தர்றனுங்க."

முப்பது நாள்! சட்டப்படி சரிதான். அதுதான் சங்கடம். போகாதே என்று சொல்ல முடியாது. அவளாகப் பயந்து, "வேண்டாமுங்க" என்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம், மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து அட்லஸைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார். பட்டறையிலிருந்து ஒரு கண்டு நூலும் கொண்டு வந்திருந்தார்.

"அம்மணி, இங்க வா. கோயமுத்தூர் எங்க இருக்குது?"

"இதென்னங்க கேள்வி? நாம இருக்கறதே கோயமுத்தூர்தானுங்களே."

"அட, மேப்புல எங்க இருக்குதுன்னு கேட்டேன்."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திருமலைசாமி நூலின் ஒரு முனையைக் கோயமுத்தூரில் அழுத்திப் பிடித்தார். சிங்கப்பூர் வரைக்கும் இழுத்தார். அதற்கப்புறம் நூல் ஓடியது, ஓடியது, பக்கத்தின் ஓரத்தைத் தாண்டிச் சாப்பாட்டு மேஜை மேல் ஓடியது. அமெரிக்காவோ மேப்பின் இடது கடைசியில் இருந்தது. புத்தகத்தைத் திருப்பி, நூலைத் திருப்பி, கடைசியில் நூல் அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது.

"பாத்தயா? பதினேழாயிரம் கிலோமீட்டர். உடுமலை எழுபது கிலோமீட்டர். அப்படின்னா உடுமலைக்கு இருநூத்தி நாப்பது தடவை போறதுக்குச் சமம்."

"இருநூத்தி நாப்பதுங்களா? கல்யாணமாகி நான் உடுமலைக்குப் போனதே அத்தனை தடவை இருக்காதுங்களே. போகாததையெல்லாம் சேத்துப் போயிட்டு வந்ததா வெச்சுக்கறனுங்க."

திருமலைசாமி நூலை மணிக்கட்டிலிருந்து பிரித்தார். அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

"வால்பாறைக்குப் போனோமே, ஞாபகம் இருக்குதா? நாலாவது கொண்டை ஊசி வளைவுலயே எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சவ நீ. எட்டாவதுல என்ற சட்டையே போச்சு."

"ஆமாங்க. நல்ல சட்டை, பாவம். ஏனுங்க, ப்ளேன்ல எத்தனை கொண்டை ஊசி வளைவு வருமுங்க?"

"ப்ளேன்ல... வளைவு கெடையாது."

"அப்பச் சரிங்க. நேராப் போனா எனக்கு ஒண்ணும் பண்ணாதுங்க."

"நேராப் போனாலும் கீழ என்ன இருக்குதுன்னு தெரியுமா? பசிபிக் சமுத்திரம். பத்து மணி நேரம் கீழ வெறும் தண்ணி. எங்க பாத்தாலும் தண்ணி!"

"அப்படீங்களா! நம்ம கொழாயில நாலு நாளைக்கு ஒருக்கா வருது. அதுவும் நூல் மாதிரி வருது. பத்து மணி நேரம் கண் குளிரப் பாத்துட்டு வாரனுங்க."

சண்டைக்கு வந்தால் சமாளிக்கலாம். இவள் சந்தோஷப்படுகிறாள். சந்தோஷப்படுகிறவளை எப்படிப் பயமுறுத்துவது? கடைசியாகத் திருமலைசாமி, இருக்கிறதிலேயே பெரிய குண்டை எடுத்துப் போட்டார்.

"பத்மஜா முப்பது மணி நேரம்னு சொன்னது சும்மா. அவ சின்னப் புள்ள, நீ பயந்துக்குவேன்னு கொறைச்சுச் சொல்லியிருக்கறா. மெட்ராஸ்ல உக்காரோணும், சிங்கப்பூர்ல உக்காரோணும், நடுவுல பெட்ரோல் போட எறக்குவாங்க, அங்க உக்காரோணும். எல்லாம் சேத்தா நாப்பது மணி நேரம்! கூட ஆனாலும் ஆவுமே ஒழியக் கொறையாது!"

லட்சுமியம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாடா, உறைத்துவிட்டது என்று திருமலைசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் மெல்ல எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் போனாள். தாளைத் தூக்கி, விரலை வைத்து வைத்து நகர்த்தினாள். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்றுதான் இவர் நினைத்தார்.

"என்ன அம்மணி பண்ற?"

"நாப்பது நாளுன்னா மார்ச்சு நாலுங்க. கொழந்தைக்குத் தொட்டில் கட்டி, பேரும் வெச்சுப்போட்டே வந்தர்லாமுங்க. முப்பது நாள்ல எப்படி முடியும்னு விசனப்பட்டுட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்க கணக்குப் பாத்துச் சொன்னீங்க."

மறுநாள் பட்டறையில் திருமலைசாமி ஒரு வேலையும் செய்யவில்லை. லேத்து ஓடுவதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். தூரத்தை இழுத்தால் அவள் பயப்பட வேண்டும். பயப்படவில்லை. ஆனால் நாள் இழுபடுகிறது. சட்டத்தை மாற்றிவிடலாமா? இருபத்தெட்டு வருஷமாக நடக்கிற சட்டத்தை அவரே மாற்றினால், நாளைக்கு உடுமலைக்குப் போகிறவள் ஒரு வாரம் கழித்து வருவாள். சட்டத்தில் கை வைக்கக் கூடாது. மணியில்தான் கை வைக்க வேண்டும். நேற்று நீட்டியதை இன்றைக்குச் சுருக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "நேத்து நான் சொன்னது ஒரு குத்துமதிப்பு. வாய்க்கணக்கு வேண்டாம். மாப்பிள்ளை டைம் அனுப்பட்டும். அச்சடிச்ச காயிதத்துல என்ன இருக்குதோ அதுதான்."

"சரிங்க," என்றாள் லட்சுமியம்மாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்றது அவருக்குக் கொஞ்சம் உதைத்தது. ஆனாலும் காப்பி நன்றாக இருந்ததால் மறந்துவிட்டார்.

புதன்கிழமை, அடுத்த தெருவில் இஸ்மத் வைத்திருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு சாய்சரண் ஃபேக்ஸ் அனுப்பினார். லட்சுமியம்மாளே போய் வாங்கி வந்தாள். இவர் வந்தபோது மேஜை மேல் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒரு காகிதம் படபடத்துக்கொண்டிருந்தது.

"போற டைமெல்லாம் அதுல இருக்குதுங்க. பாத்துக்குங்க," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

திருமலைசாமி கண்ணாடியை மாட்டினார். வியாழன் சாயங்காலம் ஆறு மணி, கோயமுத்தூரில் கிளம்புகிறது. மெட்ராஸ். சிங்கப்பூர். நடுவில் இருந்ததையெல்லாம் தாண்டிக் கடைசி வரிக்கு ஓடினார். வெள்ளி காலை பத்தரை மணி, சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது.

விரல் விட்டு எண்ணினார். சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு பன்னிரண்டு. அதற்கு மேல் நாலரை. பதினாறரை! மறுபடியும் எண்ணினார். பதினாறரையேதான்!

அமெரிக்காவில் மணி வேறு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மகள் போன் பண்ணும்போது இங்கே விடிந்திருக்கும், அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருகிறேன் என்பாள். பதிமூன்றரை மணி நேர வித்தியாசம் என்று மாப்பிள்ளை ஒரு தடவை விளக்கியும் இருக்கிறார். தெரிந்ததை எல்லாம் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா என்ன? அச்சடித்த காகிதத்தில் ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குச் சேருகிறது. பதினாறரை மணி நேரம், பதினாறரை நாள். பிப்ரவரி எட்டாம் தேதியே திரும்பிவிட வேண்டும். குழந்தை பிறப்பதோ பன்னிரண்டாம் தேதி. பிறக்கும் முன்னாலேயே திரும்புவதற்கு ஒருத்தி அவ்வளவு தூரம் போவாளா? போகமாட்டாள். மாப்பிள்ளையின் அம்மா விஜயவாடாவில் சும்மாத்தான் இருக்கிறாள். அவள் போகட்டும்.

மகளை நினைத்தபோது மட்டும் உள்ளே ஒரு முள் குத்தியது. தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று மனசு கேட்டது. அந்த மனசை அவர் பட்டறைக்கு அனுப்பிவிட்டு ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவிந்தராஜுலு வந்தார். லட்சுமியம்மாளின் அண்ணன். உடுமலையில் தென்னந்தோப்பு. ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்து இறங்கினார். இந்த இரண்டு நாள் சட்டத்தின் மேல் இருபத்தெட்டு வருஷமாக மனத்தாங்கல் உள்ளவர். அவருடைய பையன் கல்யாணத்துக்கே தங்கச்சி மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இன்றைக்குத் தங்கச்சி வரச் சொன்னதால் வந்திருக்கிறார். அது திருமலைசாமிக்குத் தெரியாது. சாட்சிக்கு ஓர் ஆள் தானாக வந்து மாட்டியதாக அவர் சந்தோஷப்பட்டார்.

சாப்பாடு முடிந்ததும் காகிதத்தை எடுத்து மேஜையில் பரப்பினார்.

"மச்சான், நீங்களே பாருங்க. வியாழக்கெழமை சாயங்காலம் ஆறு. வெள்ளிக்கெழமை காலையில பத்தரை. எத்தனை மணி நேரம்?"

"பதினாறரைங்க மாப்ளே."

"அம்மணி, கேட்டுக்க. உங்கண்ணனே சொல்லிப்போட்டாரு. பதினாறரை நாள்."

லட்சுமியம்மாள் தட்டில் வாழைப்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். "பத்மஜா முப்பது மணி நேரமுன்னு சொன்னாளுங்களே," என்றாள்.

"அவ ஆயிரம் சொல்லுவா. காயிதத்துல என்ன இருக்குது?"

"அங்கத்த மணி வேற, நம்ம மணி வேறன்னு சொன்னாளுங்க..."

"உனக்கு அதெல்லாம் புரியாது. எந்த ஊர்ல ஏறறமோ அந்த ஊர்க் கடியாரம். எந்த ஊர்ல எறங்கறமோ அந்த ஊர்க் கடியாரம். உலகம் பூரா அதுதான் வழக்கம்."

"அந்தந்த ஊர்க் கடியாரந்தானுங்களா?"

"அந்தந்த ஊர்க் கடியாரந்தான்!"

"பொறவு மாத்திப் பேசமாட்டீங்களே?"

திருமலைசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "மச்சான், ஒரு காயிதம் எடுங்க. எழுதுங்க. மணிக்கு ஒரு நாள். அச்சடிச்ச டைம்தான் கணக்கு. அந்தந்த ஊர்க் கடியாரம். எழுதியாச்சா?"

"எழுதியாச்சுங்க மாப்ளே," என்றார் கோவிந்தராஜுலு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேங்காய் வியாபாரத்தில் பழகிய முகம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினாறரை நாளோடு திருமலைசாமி ஜெயித்திருப்பார். ஆனால் ஜெயிக்கிற மனிதனுக்குக் கொஞ்சம் கூட ஜெயிக்கலாமே என்று ஓர் ஆசை வருகிறது பாருங்கள், அது வந்துவிட்டது. வால்பாறை விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

லட்சுமியம்மாளின் தங்கச்சி வீட்டுக்காரர் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் இருந்தார். அங்கே போக பஸ் மலை ஏறுவதற்கு நாலு மணி நேரம், இறங்குவதற்கு மூன்றரை. நாலு நாளா, மூன்றரையா என்று அப்போது ஒரு வழக்கு வந்தது. திருமலைசாமி யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். போகிற நேரம் கணக்கில்லை, திரும்பி வருகிற நேரம்தான் கணக்கு என்று. அன்றைக்கு அவருக்கு அரை நாள் லாபம்.

இப்போது அவர் மனசு வேகமாக ஓடியது. அட்லஸில் சான் பிரான்சிஸ்கோ மேலே இருக்கிறது, கோயமுத்தூர் கீழே இருக்கிறது. வரும்போது இறக்கம். தவிர, போகும்போதே பதிமூன்றரை மணி நேரத்தை முழுங்கிவிட்ட விமானம் வரும்போது மட்டும் பட்டினியாகவா வரும்? அப்போதும் முழுங்கும். பதினாறரை பதினஞ்சாகும். பன்னிரண்டானாலும் ஆச்சரியமில்லை.

"மச்சான், இன்னொண்ணும் எழுதுங்க. திரும்பி வர்ற நேரந்தான் கணக்கு. வால்பாறைக்குச் சொன்ன தீர்ப்பு. மறந்தே போயிட்டேன்."

"வேண்டாமுங்க," என்றாள் லட்சுமியம்மாள். "போற நேரமே இருக்கட்டுமுங்க."

"ஏன் வேண்டாம்? வால்பாறைக்கு ஒரு நாயம், அமெரிக்காவுக்கு ஒரு நாயமா? எழுதுங்க மச்சான்!"

"மாப்ளே, நல்லா யோசிச்சுக்கங்க. தங்கச்சியே வேண்டாங்குது."

"அவ வேண்டாங்கறதுலயே தெரியலையா? எழுதுங்க. இங்க குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

போட்டார். பட்டறை பில்லில் போடுகிற மாதிரி, கீழே இரண்டு கோடு இழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "சரி, வர்ற டைம் என்னன்னு மாப்பிள்ளைகிட்டக் கேட்டு வாங்கு," என்றார்.

"அதுவும் அன்னிக்கே வந்துருச்சுங்க," என்றாள் லட்சுமியம்மாள். "ஃபேக்ஸ் ரெண்டு தாளுங்க. நீங்க போற டைம் மட்டுந்தானே கேட்டீங்க?"

உள்ளே போய் இரண்டாவது தாளை எடுத்து வந்து கொடுத்தாள். திருமலைசாமி உற்சாகமாகத்தான் வாங்கினார்.

திங்கள் மதியம் ஒரு மணி, சான் பிரான்சிஸ்கோவில் கிளம்புகிறது. நடுவில் உள்ளதைத் தாண்டினார். புதன் சாயங்காலம் நாலு மணி, கோயமுத்தூரில் இறங்குகிறது.

புதனா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். புதன்தான். திங்கள் ஒரு மணியிலிருந்து செவ்வாய் ஒரு மணி இருபத்திநாலு. புதன் ஒரு மணி நாற்பத்தெட்டு. அதற்கு மேல் மூன்று. எண்ணி முடித்த விரல் அப்படியே நின்றது.

"எத்தனைங்க மாப்ளே?" என்றார் கோவிந்தராஜுலு.

"நடுவுல ஒரு செவ்வாக்கெழமையே முழுசாக் காணாமப் போயிருக்குது!"

"அதுங்களா?" என்றாள் லட்சுமியம்மாள். "போகும்போது பதிமூணரை மணி நேரம் மிச்சம் புடிக்கறோமல்லங்க, அதை வரும்போது திருப்பிக் குடுத்தரோணுமாமுங்க. பத்மஜா சொன்னா. எனக்கு எங்கீங்க அதெல்லாம் புரியுது?"

"அம்பத்தொண்ணுங்க மாப்ளே," என்று கோவிந்தராஜுலு தானே கூட்டிச் சொன்னார். "அம்பத்தோரு மணி. அம்பத்தோரு நாள்."

திருமலைசாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இது அநியாயம்! நெசமாப் பாத்தா முப்பத்தேழரை மணி நேரந்தான்! பதிமூணரையைக் கழிக்கோணும்!"

வாழைப்பழத் தட்டு அவர் பக்கம் நகர்ந்து வந்தது.

"ஏனுங்க," என்றாள் லட்சுமியம்மாள், ரொம்ப மெதுவாக. "அப்ப அங்கத்த மணி வேறன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எழுந்தவர் உட்கார்ந்தார். கோவிந்தராஜுலு, தேங்காய் மூட்டையை உள்ளே எடுத்து வைக்கிறேன் என்று வாசலுக்குப் போனார். தேங்காய் எடுக்கப் போனவர் எதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படிக் குலுங்க வேண்டும் என்பது எதிர் வீட்டாருக்கு விளங்கியிருக்காது.

மேஜையில் இவர் இரண்டு கோடு இழுத்துப் போட்ட கையெழுத்து கிடந்தது. திருமலைசாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தோரு நாள். காலையில் எழுந்தால் யாரும் இல்லை. சாயங்காலம் வந்தால் யாரும் இல்லை. கேட்டைத் திறக்கும்போது குரலை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சட்டம் பேசிய மனிதர், அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"நீ இல்லாம என்னால இருக்க முடியாது அம்மணி. அதுக்குத்தான் இத்தனையும் பண்ணுனேன்."

லட்சுமியம்மாள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் வைத்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"தெரியுமுங்க. கல்யாணமான புதுசுல மூணாம் நாளே உடுமலைக்கு வந்து நின்னீங்களே, சட்டையத் திருப்பிப் போட்டுட்டு. அன்னிக்கே தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்களா ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. கேக்க நல்லா இருக்குதுங்க. பத்மஜாகிட்டச் சொல்லோணும்."

அவள் இரு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திருமலைசாமிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இதை இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. இப்படி இளகியிருக்கிற நேரத்தில் கேட்டால் இரங்குவாள் என்றும் தோன்றியது. வாழைப்பழத்தை விழுங்கிக்கொண்டு, குரலை இதுவரைக்கும் இறக்காத அளவுக்கு இறக்கிக் கேட்டார்.

"அப்ப, நீ மொதல்ல சொன்ன மாதிரி முப்பது நாள்லயே வந்தர்றயா அம்மணி?"

லட்சுமியம்மாள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முப்பது நாள் நான் கேட்டதுங்க. அம்பத்தொண்ணு நீங்களா ஆசைப்பட்டு எழுதிக் குடுத்ததுங்க. புருசன் குடுத்ததைக் கொறைச்சு வாங்குனா, அது உங்களுக்கு மரியாதைங்களா?"